எல்லா முகங்களையும் ஒப்ப நோக்கிய ஓவியர் வெலாஸ்கெஸ்

உருவப்படம் என்பது நெடுங்காலமாக உயர்ந்தோர் எனப்பட்டவர்க்கே உரிய பொருளாக இருந்து வந்தது. மன்னரும் மதகுருமாரும் பெருநிலக்கிழாரும் தம் முகம் தமக்குப் பின்னும் நிலைத்திருக்க வேண்டும் என்று விரும்பினர். அவ்விருப்பத்தை நிறைவேற்றிய கைகளுக்குக் கூலி கொடுத்தனர். தண்ணீர் சுமந்தவர், அடுப்பு எரித்தவர், நூல் நூற்றவர், தெருக் கூட்டியவர் ஆகியோரின் முகங்கள் எந்த மாளிகைச் சுவரிலும் இடம்பெறவில்லை. நம் பாட்டனாருக்குப் பாட்டனார் எவ்வாறு தோற்றமளித்தார் என்பதை நம்மில் எவரும் அறியோம். அவர்க்கு முகம் இல்லாமற்போனதன்று. அம்முகத்தை எழுதிவைக்கத்தக்கது என்று கருதியவர் இல்லாமற்போயினர்.

இத்தகைய உலகில், ஒரு பேரரசரின் அவையில் முப்பத்தேழு ஆண்டுகள் பணிபுரிந்துகொண்டே, அரசருக்கு அளித்த அதே கவனத்தை அடிமைக்கும் அளித்த ஓவியர் ஒருவர் வாழ்ந்தார். ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த தியேகோ வெலாஸ்கெஸ் என்பவரே அவர். அவருடைய கலை எவ்வாறு வளர்ந்தது, யார் யாரிடம் அவர் கற்றார், அவர் வென்றது எது, வெல்ல இயலாது பணிந்துபோனது எது என்பவற்றை நம் இளைஞர்கள் அறிவது பயனுடையது.

செவில் நகரின் மாணவர்

வெலாஸ்கெஸ் ஸ்பெயினின் தென்பகுதியில் உள்ள செவில் நகரில் பிறந்து, 1599 ஜூன் 6-ஆம் நாள் ஞானஸ்நானம் பெற்றார். தந்தையின் முன்னோர் போர்ச்சுகல் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள். தாயின் குடும்பப் பெயராகிய வெலாஸ்கெஸ் என்பதே அவர்க்கு வழங்கும் பெயராக நிலைத்தது. அக்காலத்தில் செவில், அமெரிக்கக் கண்டத்துச் செல்வமெல்லாம் வந்து இறங்கும் துறைமுகமாக விளங்கியது. வெள்ளியும் பொன்னும் வந்த அதே கப்பல் வழிகளில் மனிதர்களும் சரக்காக வந்தனர். 1565-இல் எடுத்த கணக்கின்படி அந்நகரில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட அடிமைகள் இருந்தனர். ஆப்பிரிக்கர், வட ஆப்பிரிக்க இசுலாமியர், அவர்தம் வழித்தோன்றல்கள் எனப் பலரும் வீடுகளிலும் பட்டறைகளிலும் உழைத்தனர். சிறுவன் தியேகோ நாள்தோறும் கண்ட தெரு இத்தகையது.

1611-இல் அவர் பிரான்சிஸ்கோ பச்சேகோ என்ற ஓவியரிடம் ஆறாண்டுப் பயிற்சிக்கு ஒப்பந்தம் செய்து சேர்க்கப்பட்டார். பச்சேகோ பெரும் ஓவியர் என்று சொல்லத்தக்கவரல்லர். ஆயினும் பெரும் ஆசிரியர். அவருடைய இல்லம் கவிஞரும் அறிஞரும் கூடும் இடமாக இருந்தது. ரபேலையும் மைக்கேலாஞ்சலோவையும் போற்றிய அவர், கோட்டுப் பயிற்சியே ஓவியத்தின் அடிப்படை என்று கற்பித்தார். ஆனால் தம் மாணவர் வேறு வழியில் செல்ல முற்பட்டபோது அவரைத் தடுக்கவில்லை. ஒரு குடியானவச் சிறுவனைக் கூலிக்கு அமர்த்தி, அவன் அழும்போதும் சிரிக்கும்போதும் மாறும் முகத்தை வெலாஸ்கெஸ் இடைவிடாது வரைந்து பழகினார் என்று பச்சேகோவே தம் நூலில் குறித்துள்ளார். மாணவர் தம்மை விஞ்சியதை அவர் இழிவாகக் கருதவில்லை; பெருமையாகவே எழுதிவைத்தார். 1617-இல் தேர்வில் வென்று ஓவியர் சங்கத்தில் சேர்ந்த தியேகோவுக்கு, மறு ஆண்டில் தம் மகள் ஹுவானாவை மணம் செய்துவைத்தார்.

அடுக்களையும் தண்ணீர்க் குடமும்

இருபது வயதளவில் வெலாஸ்கெஸ் வரைந்த படங்களில் தெய்வங்களைக் காட்டிலும் பானைகளும் பூண்டும் மீனும் மிகுதி. அவ்வாறான அடுக்களைக் காட்சிகள் பிளாண்டர்ஸ் நாட்டு அச்சுப்படங்களின் வழியாகச் செவிலுக்கு வந்திருந்தன. இருட்டான பின்னணியில் ஒரு புறத்திலிருந்து மட்டும் ஒளி பாய்ச்சி உருவங்களைத் திரட்டிக் காட்டும் முறை இத்தாலிய ஓவியர் கராவாஜியோவால் பரவியது. இவ்விரண்டையும் இளைஞர் வெலாஸ்கெஸ் தமதாக்கிக்கொண்டார். அவருடைய அக்கால வண்ணங்கள் மண்ணின் நிறங்கள், கோடுகள் கூர்மையானவை, ஒவ்வொரு பொருளும் கையால் தொட்டுவிடலாம் என்ற அளவுக்குத் திண்மையானது.

1618-இல் வரைந்த முட்டை பொரிக்கும் மூதாட்டியின் படம் இன்று எடின்பரோ நகரில் உள்ளது. அதனை அடுத்த சில ஆண்டுகளில் வரைந்த தண்ணீர் விற்போனின் படம் இலண்டனில் உள்ளது. கிழிந்த மேலாடை அணிந்த முதியவர் ஒருவர், நல்ல உடையணிந்த சிறுவனுக்குக் கண்ணாடிக் குவளையில் நீர் வழங்குகிறார். பெரிய மண்குடத்தின் மேற்புறத்தில் நீர்த்துளிகள் வழிந்து நிற்கின்றன. தெருவில் தண்ணீர் விற்றுப் பிழைத்த அம்மனிதரின் முகத்தில் ஓவியர் வைத்துள்ள அமைதியும் பெருமிதமும் ஒரு திருத்தூதருக்கு வைக்கத்தக்கவை. பொதுக்குளத்து நீரைத் தொடும் உரிமைக்காக 1927-இல் மகாத் நகரில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் அணிவகுக்க வேண்டியிருந்த வரலாற்றை உடைய நாம், ஓர் ஏழையின் கையிலிருந்து நீர் கைமாறும் அக்காட்சியை எளிதில் கடந்துபோக இயலாது.

மற்றொரு படம் இதனினும் கருதத்தக்கது. டப்ளின் நகரில் உள்ள அப்படத்தில், ஆப்பிரிக்க மரபைச் சேர்ந்த பணிப்பெண் ஒருத்தி அடுக்களை மேசையின் முன் குனிந்து நிற்கிறாள். நெடுங்காலம் அஃது ஓர் எளிய அடுக்களைக் காட்சி என்றே எண்ணப்பட்டது. 1933-இல் அழுக்கு நீக்கித் துப்புரவு செய்தபோது, பின்புறச் சுவரின் திறப்பில் மறைந்திருந்த சிறு காட்சி வெளிப்பட்டது. உயிர்த்தெழுந்த இயேசு எம்மாவு என்ற ஊரில் சீடர்களுடன் உணவருந்தும் விவிலியக் காட்சி அது. திருக்காட்சியைச் சிறிதாக்கிப் பின்னே வைத்து, அதனைச் செவிமடுக்கும் பணிப்பெண்ணைப் பெரிதாக்கி முன்னே வைத்தார் அந்த இளம் ஓவியர்.

அரசவைப் பணி

1621-இல் நான்காம் பிலிப் ஸ்பெயினின் மன்னரானார். அவருடைய முதன்மை அமைச்சராகிய ஒலிவாரெஸ் பிரபுவின் குடும்பம் செவிலைச் சேர்ந்தது. அத்தொடர்பால் 1623-இல் வெலாஸ்கெஸ் மாட்ரிட் நகருக்கு அழைக்கப்பட்டார். பதினெட்டு வயது மன்னரின் உருவத்தை அவர் வரைந்து காட்டிய சில வாரங்களில், அக்டோபர் 6-ஆம் நாள், மாதம் இருபது டியூக்கட் ஊதியத்தில் அரசவை ஓவியராக அமர்த்தப்பட்டார். அப்போது அவர்க்கு வயது இருபத்து நான்கு.

மன்னரை வரைந்தபோதும் செவில் தெருவில் கற்ற உண்மையை அவர் கைவிடவில்லை. மணிமுடியும் செங்கோலும் புகழ்பாடும் வானதூதரும் அப்படங்களில் இல்லை. கறுப்பு உடை, வெளிறிய முகம், நீண்ட தாடை, கையில் ஒரு காகிதம் ஆகியவையே உள்ளன. முதலில் வரைந்ததைப் பின்னர் பலமுறை மாற்றிக் கால்களின் நிலையையும் ஆடையின் விளிம்பையும் அவர் திருத்தியமை, மேல்வண்ணத்தின் அடியிலிருந்து இன்றும் மங்கலாகத் தெரிகின்றது. தம் பிழையைத் தாமே கண்டு திருத்தும் பழக்கமே அவருடைய வளர்ச்சியின் அடித்தளம் எனலாம்.

மூத்த அரசவை ஓவியர்கள் அவர்மீது பொறாமை கொண்டனர். தலைகளை மட்டுமே வரையத் தெரிந்தவர் என்று ஏளனம் செய்தனர். 1627-இல் மன்னர் ஒரு போட்டி வைத்தார். அதில் வெலாஸ்கெஸ் வென்று அரண்மனைப் பதவி ஒன்றையும் பெற்றார். அப்போட்டியின் பொருள் என்ன என்பதை நாம் மறைக்கலாகாது. கிறித்தவ சமயத்துக்கு மாற்றப்பட்டிருந்த மூர் இன மக்கள் ஏறத்தாழ மூன்று லட்சம் பேரை, அவர்தம் பிறப்பைக் காரணம் காட்டி, 1609 முதல் 1614 வரை ஸ்பெயின் நாட்டிலிருந்து துரத்திய செயலைப் புகழ்ந்து வரைவதே அது. தென்பகுதியினர் வெளியேற்றப்பட்ட 1610-இல் வெலாஸ்கெஸ் செவிலில் வாழ்ந்த பத்து வயதுச் சிறுவர். அவ்வோவியம் 1734-இல் அரண்மனையில் நிகழ்ந்த தீயில் அழிந்தது. அதில் துரத்தப்பட்டோரின் முகங்களை அவர் எவ்வாறு எழுதினார் என்பதை இனி எவரும் காண இயலாது.

ரூபன்ஸும் இத்தாலியும்

1628-இல் பிளாண்டர்ஸ் நாட்டின் புகழ்பெற்ற ஓவியர் ரூபன்ஸ் அரசுத் தூதராக மாட்ரிட் வந்து, மறு ஆண்டு வரை தங்கினார். வெலாஸ்கெஸைவிட இருபத்திரண்டு வயது மூத்தவர் அவர். அரண்மனையில் இருந்த வெனிஸ் நகர ஓவியர் டிஷியனின் படங்களை, தாமே ஒரு மாணவர் போல அமர்ந்து, படி எடுத்தார். ஐம்பது வயதைக் கடந்த பெரியவர் மற்றொருவரின் படத்தின் முன் அமர்ந்து கற்பதை இளைய ஓவியர் அருகிலிருந்து கண்டார். கற்றலுக்கு முடிவில்லை என்ற பாடத்தை ரூபன்ஸிடமும், அருகில் நின்றால் வெறும் வண்ணத் தீற்றல்களாகவும் விலகி நின்றால் உயிருள்ள உடலாகவும் தோன்றச் செய்யும் வித்தையை டிஷியனிடமும் அவர் பெற்றார்.

1629-இல் மன்னரின் இசைவு பெற்று இத்தாலி சென்றார். வெனிஸ் நகரில் டின்டோரெட்டோவின் படங்களைப் படி எடுத்தார். ரோம் நகரில் ஏறத்தாழ ஓராண்டு தங்கிப் பழம்பெரும் ஓவியங்களையும் சிலைகளையும் பயின்றார். 1631 தொடக்கத்தில் திரும்பியபோது அவருடைய கை மாறியிருந்தது. மண்ணிறம் குறைந்து வெள்ளியின் சாம்பல் ஒளி வந்தது. கெட்டியாகப் பூசிய வண்ணம் மெல்லியதாயிற்று. கூரிய விளிம்புகள் காற்றில் கரைவனபோல் ஆயின. இருட்டறையிலிருந்த மனிதர்கள் வெளிச்சத்திற்கு வந்துவிட்டனர்.

1635-ஐ ஒட்டி முடிந்த பிரேடா நகரின் சரணடைவு என்ற பெரிய ஓவியம் இம்மாற்றத்தின் கனி. தோற்ற தளபதி நகரின் திறவுகோலை நீட்டுகிறார். வென்ற தளபதி ஸ்பினோலா குதிரையிலிருந்து இறங்கி, அவர் மண்டியிடாதபடி தோளில் கைவைத்துத் தாங்குகிறார். வெற்றியைக் கொண்டாட வரையப்பட்ட படத்தில், தோற்றவரின் மானமே நடுப்பொருளாகி நிற்கின்றது.

அரண்மனையில் நகைப்புக்கு ஆளானோர்

ஸ்பெயின் அரண்மனையில் குள்ள உருவினரையும் மனவளர்ச்சி குன்றியோரையும் கோமாளிகளாக வைத்திருக்கும் வழக்கம் இருந்தது. அரச குடும்பத்தினர் சலிப்பு நீங்க அவர்களைப் பார்த்துச் சிரித்தனர். அரசிளங்குமரரின் அழகை எடுத்துக்காட்டும் பொருட்டு, அவருக்குப் பக்கத்தில் நிறுத்தி அவர்களை வரைவித்தனர். வெலாஸ்கெஸ் 1630-களிலும் 1640-களிலும் அவர்களைத் தனித்தனியே, ஒவ்வொருவருக்கும் ஒரு முழுத் திரைச்சீலை அளித்து வரைந்தார்.

செபாஸ்தியன் டி மோரா என்பவரின் படத்தில் அவர் தரையில் கால்களை நீட்டி அமர்ந்து, முட்டிக் கைகளை இடுப்பில் ஊன்றி, பார்ப்போரை நேருக்கு நேர் நோக்குகிறார். அப்பார்வையில் கெஞ்சல் இல்லை, கேளிக்கையும் இல்லை. எதற்காகச் சிரிக்கிறீர் என்று கேட்கும் பார்வை அது. தியேகோ டி அசேதோ என்பவர் பெரிய ஏடுகளின் நடுவே எழுத்தறிந்தவராக அமர்ந்திருக்கிறார். பிரான்சிஸ்கோ லெஸ்கானோ என்னும் சிறுவரின் தலை ஒளியில் சற்றே சாய்ந்திருக்கின்றது. ஓவியர் அவர்களுடைய உடற்குறையை மறைக்கவுமில்லை, மிகைப்படுத்தவுமில்லை. மன்னரின் நீண்ட தாடையை எவ்வளவு உண்மையுடன் வரைந்தாரோ அவ்வளவு உண்மையுடன் இவர்களையும் வரைந்தார்.

அதே காலத்தில் மன்னரின் வேட்டை மாளிகைக்காக நீதிக்கதை ஆசிரியர் ஈசாப்பின் உருவத்தை வரைந்தார். ஈசாப் அடிமையாகப் பிறந்தவர் என்பது மரபு. பழைய பழுப்பு அங்கி, கலைந்த தலைமுடி, கையில் ஒரு நூல், உழைத்துக் களைத்த முகம் ஆகியவற்றோடு அவர் நிற்கிறார். அறிவுக்கு முகம் எழுத வேண்டிய இடத்தில் ஓவியர் ஓர் ஏழையின் முகத்தையே எழுதினார்.

ரோம் நகரில் ஒரு முகம்

வெலாஸ்கெஸின் பட்டறையில் ஹுவான் டி பரேஹா என்பவர் பணிபுரிந்துவந்தார். தென்ஸ்பெயினில் உள்ள அந்தக்கேரா என்ற ஊரில் ஏறத்தாழ 1608-இல் பிறந்தவர், ஆப்பிரிக்க மரபினர், சட்டப்படி வெலாஸ்கெஸின் உடைமையாகிய அடிமை. வண்ணம் அரைத்தல், திரைச்சீலையை விறைப்பாக இழுத்துச் சட்டத்தில் கட்டுதல், தூரிகை கழுவுதல் போன்றவையே அக்காலப் பட்டறை அடிமைகளின் பணி. மன்னருக்காக ஓவியங்களும் சிலைகளும் வாங்கிவர 1649-இல் வெலாஸ்கெஸ் இரண்டாம் முறை இத்தாலிக்குக் கப்பலேறியபோது பரேஹாவும் உடன் சென்றார்.

ரோமில் வெலாஸ்கெஸ் பரேஹாவின் உருவத்தை வரைந்தார். 1650 மார்ச் 19-ஆம் நாள் பாந்தியன் என்ற பழம்பெரும் கோவிலில் ஓவியர் கழகத்தார் நடத்திய காட்சியில் அப்படம் வைக்கப்பட்டது. ஐரோப்பாவின் கலைத் தலைநகரில், அடிமை ஒருவரின் முகம் சான்றோர் கூட்டத்தின் நடுவே வியந்து பார்க்கப்பட்டது. சாம்பல் கலந்த பச்சைப் பின்னணியில், வெள்ளைக் கழுத்துப்பட்டை விளங்க, ஒரு கையை மார்புக்குக் குறுக்கே மடித்துத் தலைநிமிர்ந்து நிற்கிறார் பரேஹா. அவர் எவருடைய உடைமை என்பதற்கு அப்படத்தில் ஒரு சான்றும் இல்லை. அதே ஆண்டில் வெலாஸ்கெஸ் திருத்தந்தை பத்தாம் இன்னசென்டையும் வரைந்தார். சிவந்த அரியணையில் அமர்ந்து ஐயப் பார்வை வீசும் அவ்வுருவம், அளவுக்கு மீறி உண்மையாக இருப்பதாகத் திருத்தந்தையே கருதினார் என்று ஒரு வழக்கு உண்டு. உலகின் உச்சியில் இருந்தவர், உலகின் அடியில் வைக்கப்பட்டவர் ஆகிய இருவரும் ஒரே ஆண்டில் ஒரே கண்ணால் பார்க்கப்பட்டனர். இருவருள் நிம்மதியான முகம் பரேஹாவுடையதே.

எனினும் படம் மனிதரை விடுவிக்கவில்லை. பரேஹா மறைவாக ஓவியம் பயின்றார் என்றும், அவர் வரைந்ததை மன்னர் கண்டு வியந்து விடுதலை வழங்கச் செய்தார் என்றும் 1724-இல் வெளிவந்த ஒரு வரலாற்று நூல் கதை கூறிற்று. இனிய கதைதான். ஆனால் ரோம் ஆவணக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டு 1983-இல் வெளியிடப்பட்ட பத்திரம் வேறு உண்மையைக் காட்டுகின்றது. 1650 நவம்பர் 23-ஆம் நாள் வெலாஸ்கெஸே விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிட்டார். அவ்விடுதலையும் உடனே கிட்டவில்லை. தப்பி ஓடாமலும் குற்றம் புரியாமலும் மேலும் நான்கு ஆண்டுகள் பணிசெய்த பின்னரே அது செல்லும் என்பது நிபந்தனை. சுதந்திர மனிதராக ஒருவரைப் படத்தில் எழுதிவிட்டு, அவரையே மேலும் நான்காண்டு கட்டிவைத்த முரண்பாட்டையும் நாம் சேர்த்தே நினைவிற்கொள்ள வேண்டும். கண்ணில் வந்த சமத்துவம் கணக்குப் புத்தகத்திற்கு வரக் காலதாமதமாயிற்று.

பணிப்பெண்களும் நூற்போரும்

1651-இல் நாடு திரும்பிய வெலாஸ்கெஸ், மறு ஆண்டில் அரண்மனைத் தங்கல் ஏற்பாடுகளின் தலைமை அலுவலரானார். அறைகளின் திறவுகோல், விறகு, படுக்கை, மன்னரின் பயண ஏற்பாடு ஆகிய அனைத்தும் அவர் பொறுப்பு. வரைவதற்குக் கிடைத்த நேரம் சிறிது. அச்சிறு நேரத்தில்தான் அவர்தம் கலையின் முடியாகிய இரு படங்கள் பிறந்தன.

1656-இல் வரைந்த லாஸ் மெனினாஸ், அதாவது பணிப்பெண்கள், மூன்று மீட்டருக்கு மேல் உயரமுள்ளது. ஐந்து வயது இளவரசி மார்கரீத்தா நடுவில் நிற்கிறாள். இரு புறமும் பணிப்பெண்கள். வலப்புறத்தில் குள்ள உருவினராகிய மாரி பார்போலாவும் நிக்கோலாசித்தோவும். அவர்தம் காலடியில் ஒரு நாய். மன்னரும் அரசியும் பின்சுவர்க் கண்ணாடியில் சிறு நிழல்களாக மட்டுமே தெரிகின்றனர். இடப்புறத்தில் பெரிய திரைச்சீலையின் முன், தூரிகையும் வண்ணத்தட்டும் ஏந்தி ஓவியரே நிற்கிறார். பணியாளர்கள் முன்வரிசையிலும் அரசர் மங்கிய கண்ணாடியிலுமாக, அரண்மனை வரிசையையே அப்படம் மாற்றி அமைத்தது. உழைக்கும் தம் கையை மறைக்காமல் காட்டினார் வெலாஸ்கெஸ்.

நூற்போர் என்று வழங்கும் படமும் அவ்வாறே. முன்புறத்தில் வெறுங்காலுடன் பெண்கள் நூல் நூற்கின்றனர். சக்கரத்தின் ஆரக்கால்கள் சுழற்சியில் மறைந்து வெறும் ஒளியாகத் தெரிகின்றன. இது சாதாரணப் பட்டறைக் காட்சி என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1948-இல் ஆராய்ச்சியாளர் இதன் பொருளைக் கண்டனர். சாயத் தொழிலாளியின் மகளான அராக்னே, நெசவில் தேவதை மினர்வாவுக்கே அறைகூவல் விடுத்த கிரேக்கக் கதையே அது. தேவதையால் குறைகாண இயலாத அளவுக்கு நெய்தமையால் சினத்துக்கு ஆளாகிச் சிலந்தியாக்கப்பட்டாள் அப்பெண். பின்னணியில் அவள் நெய்த திரையாக, தாம் இளமையில் பயின்ற டிஷியனின் ஓவியம் ஒன்றையே வெலாஸ்கெஸ் எழுதிவைத்தார். தம் ஆசானின் படைப்பை ஒரு சாயக்காரர் மகளின் கைவண்ணமாக்கி அவர் சிறப்பித்தார்.

பிறப்பைத் துருவிய விசாரணை

இத்தகைய கலைஞரை அவருடைய நாடு எவ்வாறு மதித்தது? அக்கால ஸ்பெயினில் ஓவியம் கைத்தொழிலாகக் கருதப்பட்டது, கைத்தொழில் இழிவெனப்பட்டது. மன்னரின் நண்பராகவே வாழ்ந்தும், படி அளப்பதில் அவர் அரண்மனை முடிதிருத்துவோருக்கு நிகராகவே வைக்கப்பட்டார். முடிதிருத்துதல் இழிவான தொழிலன்று. உழைப்போர் அனைவரையும் ஒரே தாழ்ந்த வரிசையில் தள்ளிய அமைப்பே இழிவானது.

1658-இல் மன்னர் அவரைச் சாந்தியாகோ வீரர் குழு என்னும் உயர்குடியினர் அமைப்புக்குப் பரிந்துரைத்தார். அதில் சேர மூன்று தகுதிகள் வேண்டும். யூதரின் குருதியோ மூர்களின் குருதியோ கலவாத பழங்கிறித்தவ மரபு, உயர்குடிப் பிறப்பு, கையால் செய்யும் தொழிலைப் பிழைப்பாகக் கொள்ளாமை. ஓர் ஓவியரின் பாட்டன் பாட்டியர் யார் என்று கேட்டு விசாரணையாளர்கள் போர்ச்சுகல் எல்லை வரை பயணம் செய்தனர். நூற்று நாற்பத்தெட்டுப் பேர் சாட்சி கூறினர். அவருடைய நண்பர்களான ஓவியர்கள் அலோன்சோ கானோவும் சுர்பரானும், வெலாஸ்கெஸ் ஒருபோதும் கடை வைத்ததில்லை, விலைக்குப் படம் விற்றதில்லை, மன்னரின் மகிழ்ச்சிக்காக மட்டுமே வரைந்தார் என்று சான்றுரைத்தனர். அவை முழு உண்மையல்ல. அவரைக் காக்கும் பொருட்டுக் கூறியவை. அப்படியும் குழுவினர் அவருடைய உயர்குடிப் பிறப்பு மெய்ப்பிக்கப்படவில்லை என்று மறுத்தனர். திருத்தந்தையிடமிருந்து விதிவிலக்கு பெற்று, 1659 நவம்பர் 28-ஆம் நாள்தான் அவர் அக்குழுவில் சேர்க்கப்பட்டார். லாஸ் மெனினாஸ் படத்தில் அவருடைய மார்பில் காணப்படும் செஞ்சிலுவை, அதன்பின் சேர்க்கப்பட்டது.

இவ்விசாரணையைப் படிக்கும்போது நம் நாட்டின் நினைவு வருவது தற்செயலன்று. 1580 முதல் 1640 வரை போர்ச்சுகலும் ஸ்பெயின் மன்னரின் ஆட்சியில் இருந்தது. ஆகவே வெலாஸ்கெஸ் வரைந்த நான்காம் பிலிப்பின் பெயரால்தான் அக்காலத்தில் கோவாவிலும் நாகப்பட்டினத்திலும் போர்ச்சுகீசியர் ஆட்சி நடத்தினர். குலத்தையும் வழிமரபையும் குறிக்க அவர்கள் வழங்கிய காஸ்தா என்ற சொல்லே, இந்தியாவில் அவர்கள் கண்ட பிரிவுகளுக்குப் பெயராகிப் பின்னர் ஆங்கிலத்தில் சாதியைக் குறிக்கும் சொல்லாயிற்று. பிறப்பால் தூய்மை, உழைப்பால் இழிவு என்னும் இரட்டை நஞ்சு கடலுக்கு அப்பாலும் இருந்தது, இப்பாலும் இருந்தது. உலகெல்லாம் தன் கையால் புகழப்பட்டவர், அக்கை உழைக்கவில்லை என்று பிறரைச் சொல்லச் செய்தே மதிப்பைப் பெற வேண்டியிருந்தது. அவர் வெல்ல இயலாது பணிந்த இடம் இதுவே.

முடிவும் தொடர்ச்சியும்

1660 ஜூன் மாதம், ஸ்பெயின் இளவரசிக்கும் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயிக்கும் நிகழவிருந்த திருமணத்தை ஒட்டி, இரு நாட்டு எல்லையில் உள்ள ஆற்றுத்தீவில் இரு மன்னர்களும் சந்தித்தனர். அங்கு ஸ்பெயின் தரப்பு மண்டபத்தை அலங்கரிக்கும் பொறுப்பு வெலாஸ்கெஸுக்கு வாய்த்தது. களைத்துத் திரும்பிய அவர் ஜூலை இறுதியில் நோயுற்று, ஆகஸ்ட் 6-ஆம் நாள் காலமானார். ஒரு வாரம் கழித்து மனைவி ஹுவானாவும் மறைந்தார். அவர்களை அடக்கம் செய்த கோவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டது. அத்தனை பாடுபட்டுப் பெற்ற வீரர் பட்டத்துடன் புதைக்கப்பட்டவரின் கல்லறை இன்று இல்லை. அவர் கையால் உழைத்த ஓவியங்களோ நூற்றுக்கு மேல் உள்ளன. கோயா அவற்றைப் பார்த்துச் செப்புத் தகட்டில் படி எடுத்துப் பயின்றார். 1865-இல் பிரெஞ்சு ஓவியர் மானே மாட்ரிட் வந்து அவற்றின் முன் வியந்து நின்றார். 1957-இல் பிக்காசோ லாஸ் மெனினாஸை மட்டுமே கருவாகக் கொண்டு பல படங்கள் வரைந்தார்.

பரேஹாவின் கதை அத்துடன் முடியவில்லை. நான்காண்டு நிபந்தனை முடிந்து விடுதலை பெற்ற அவர், தம் பெயரிலேயே ஓவியரானார். 1661-இல் புனித மத்தேயு அழைக்கப்பட்ட நிகழ்ச்சியை மூன்று மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஓவியமாக எழுதினார். மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் இன்று அதனைக் காணலாம். படத்தின் இடக்கோடியில் நல்லாடை அணிந்து தலைநிமிர்ந்து நிற்பவர் பரேஹாவே. அவர் கையில் ஒரு காகிதம். அதில் அவருடைய கையொப்பம். வெலாஸ்கெஸ் வரைந்த படத்தில் பரேஹாவின் முகம் இருந்தது. பரேஹா வரைந்த படத்தில் முகத்துடன் பெயரும் இருந்தது. ஆப்பிரிக்க மரபினரின் வரலாற்றைத் தேடித் தொகுத்த ஆர்துரோ ஷோம்பர்க் என்ற கறுப்பின அறிஞர், 1926-இல் ஸ்பெயின் சென்று அவ்வோவியத்தைத் தேடிக் கண்டார். வெலாஸ்கெஸ் வரைந்த பரேஹாவின் உருவம் 1970-இல் இலண்டனில் ஐம்பத்தைந்து லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போய், நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தை அடைந்தது. ஆயினும் பரேஹாவை ஓவியராகவே முன்னிறுத்தி அங்கு ஒரு தனிக்காட்சி நிகழ்வதற்கு 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுவன இரண்டு. வெலாஸ்கெஸ் பிறவி மேதை என்று சொல்லி நிறுத்திவிடுவது பிழை. குடியானவச் சிறுவனிடமும், பச்சேகோவிடமும், பிளாண்டர்ஸ் அச்சுப்படங்களிடமும், ரூபன்ஸிடமும், டிஷியனிடமும், அரண்மனையின் ஏளனத்துக்கு ஆளானோரிடமும் அவர் ஐம்பது வயது கடந்தும் கற்றுக்கொண்டே இருந்தார். பரேஹாவோ வண்ணம் அரைக்கும் இடத்தில் நின்று கண்ணாலேயே கற்றார். கற்கும் வாயில் ஒருவருக்குத் திறந்திருந்தது. மற்றவர் அதனைத் தாமே திறந்துகொண்டார். நம் பிள்ளைகளுக்கு அவ்வாயில் திறந்தே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் கல்விக் கழகங்கள் இருபத்தைந்து ஆண்டுகள் பாடுபடுகின்றன.

இரண்டாவது, முகம் எழுதப்படுவதும் பெயர் எழுதப்படுவதும் மானத்தின் இரு கண்கள். நம் இல்லங்களில் இன்னும் உயிருடன் இருக்கும் முதியோர் பலர், களத்திலும் சூளையிலும் தெருவிலும் உழைத்துத் தேய்ந்தவர்கள். வரையத் தெரிந்த இளைஞர் ஒருவர் இன்று மாலை தம் பாட்டியாரின் எதிரில் ஒரு காகிதத்துடன் அமரட்டும். முகத்தின் சுருக்கங்களை மறைக்க வேண்டா, அழகுபடுத்தவும் வேண்டா. உள்ளபடி எழுதி முடித்து, அதன் அடியில் அவருடைய முழுப் பெயரையும் எழுதிவைக்கட்டும்.